பட்டன் போகாத சட்டை

அத்தியாயம் 7

“யாரும் அடிக்கல. அவரே பண்ணிக்கிட்டது.”

சிறை ஆஸ்பத்திரி நர்ஸம்மா இதைச் சொன்னதும் கண்ணாடியக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் வந்த காரியமே வேறு. வார்டர்கள் ஒரு விசாரணைக் கைதியைப் போட்டு அடிக்கிறார்கள், எவன் என்று கண்டுபிடித்துக் கொடுங்கள் என்பதுதான் கேஸ். கேஸைக் கொண்டு வந்தது அந்தக் கைதியின் மனைவி. ரொட்டிக் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்க்கிறவள். விடுதலையாகி வந்த எவனோ ஒருவன் அவளைக் கம்பெனி வாசலில் நிறுத்தி, “உங்க வீட்டுக்காரர் கையில பெரிய கட்டு, என் கண்ணால பார்த்தேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நேற்று அக்காவின் துப்பறியும் ஆபீசுக்கு அவளோடு கணவரின் அண்ணனும் வந்திருந்தார். “வார்டருங்கதாம்மா, வேற யாரு?” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா எழுந்து போய்த் தன் கையால் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துப் பிடித்தே கண்ணாடி நம்பர் ஏறிப்போனவள் அவள். அவளே அந்தக் கண்ணீரை நம்பினாள்.

“அப்ப நாம பிடிக்க வேண்டிய ஆள் ஏற்கெனவே உள்ளதான் இருக்காரு. வேலை மிச்சம்,” என்றான் ஹாரன். அக்காவின் உதவியாளன், டிரைவர், தலைவலி, மூன்றும் அவன்தான். அந்தப் பட்டப்பெயர் வண்டியை வைத்து வந்ததில்லை.

நர்ஸம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். “சிரிக்கிற விஷயமா இது?”

“மன்னிச்சிடுங்க சிஸ்டர். பயம் வந்தா எனக்கு வாய் தானா ஓடும்,” என்றான் ஹாரன். உண்மையைத்தான் சொன்னான். அவன் முகம் வெளுத்திருந்தது.

“இங்க உள்ளவங்களும் அப்படித்தான் சிரிக்கிறாங்க. நாடகம்னு சொல்றாங்க. நாடகத்துக்காக யாரும் இவ்வளவு வலியைத் தாங்க மாட்டாங்க.” நர்ஸம்மா கையிலிருந்த துணியை மடித்து அலமாரியில் வைத்தார். “உள்ள வந்த புதுசு. கேஸ் எப்ப முடியும்னு தெரியாத பயம். தனி ரூம்ல போட்டுட்டா பேச ஆள் கிடையாது. தூக்கம் போயிடும். இதெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வந்து உக்காரும். இவ்வளவு இருந்தும் தாங்கிக்கிட்டு நிக்கிறவங்களும் இருக்காங்க. பெரும்பாலும் யாரு தெரியுமா? வீட்டிலேர்ந்து ஆள் வர்றவங்க. பார்வையாளர் நேரத்துல தன் பேரைக் கூப்பிடுவாங்கன்னு காத்திருந்து, கூப்பிடாமலே மணி அடிச்சிடும் பாருங்க, அன்னிக்குத்தான் எனக்கு வேலை ஜாஸ்தி.”

“இவரைப் பார்க்க அண்ணன் வாராவாரம் வர்றாரே?”

“பார்வையாளர் ஹால் அந்தப் பக்கத்துக் கட்டடம். அங்க யார் வர்றாங்க போறாங்கன்னு எனக்குத் தெரியாது. வீட்டாளுங்களைப் பத்தி வெளியாளுகிட்ட நான் பேசவும் கூடாது. எங்கிட்ட தினம் கேப்பார், யாராவது வந்தாங்களா சிஸ்டர்னு. இப்பக் கேக்கறதையே நிறுத்திட்டார். அதுதான் எனக்கு பயமா இருக்கு. அடுத்த தடவை நான் போய்ச் சேர்றதுக்குள்ள என்ன ஆகுமோன்னு ஒவ்வொரு நாளும் நெஞ்சு அடிச்சுக்குது.”

வாசலில் இருந்த அதிகாரியிடம் யார் யார் வந்தார்கள் என்று அக்கா ஏற்கெனவே கேட்டுப் பார்த்தாயிற்று. கோர்ட் உத்தரவு இல்லாமல் மூச்சுவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

கண்காணிப்பு அறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதன் வழியாக அக்கா பார்த்தாள். கட்டிலில் அந்தக் கைதி, தம்பிக்காரர், உட்கார்ந்திருந்தார். ஒட்ட வெட்டிய தலை, உப்பு மாதிரி வெளுத்த முடி. நாற்பது வயதுக்காரர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தலைவழியாக மாட்டிக்கொள்கிற தொளதொள சட்டை ஒன்றைப் போட்டிருந்தார்.

“விசாரணைக் கைதின்னா சொந்தச் சட்டை போட்டுக்கலாமே?” என்று கேட்டாள் அக்கா.

“போட்டுக்கலாம். ஆனா இந்த ரூமுக்கு வர்ற எந்தத் துணியிலயும் பட்டன், நாடா, ஜிப் எதுவும் இருக்கக் கூடாது. வீட்டிலேர்ந்து வந்தாலும் சரி, தையல் ரூமுக்கு அனுப்பி எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டுத்தான் உள்ள குடுப்போம். அப்படியேதான் திரும்ப வெளியவும் போகும்.”

“எங்க வீட்டு வாஷிங் மெஷினும் அதையேதான் பண்ணுது, ஆர்டர் இல்லாமலே,” என்று முணுமுணுத்தான் ஹாரன். இந்தத் தடவை நர்ஸம்மா லேசாகச் சிரித்துவிட்டார்.

கதவைத் திறந்து, வாசலிலேயே நின்று அக்கா மெதுவாகப் பேச்சுக் கொடுத்தாள். “உங்க வீட்டம்மா அனுப்பி வந்திருக்கேன்.”

தம்பிக்காரர் நிமிர்ந்தார். “அவளா?”

அந்த ஒரு வார்த்தைதான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். போதும் என்று நர்ஸம்மா கண்ணைக் காட்ட, அக்கா வெளியே வந்துவிட்டாள்.

வண்டியில் ஏறியதும் ஹாரன் ஆரம்பித்தான். “என்னக்கா, ஒரு வார்த்தை கேக்கறதுக்கு இவ்வளவு பெட்ரோலா?”

“அந்த ஒரு வார்த்தை போதும். பொண்டாட்டி என்ன சொன்னா? ‘என்னைப் பார்க்க வராதேன்னு அவரே சொல்லிட்டாராம்’னுதானே? அப்படிச் சொன்ன ஆளுகிட்டப் போய், உன் பொண்டாட்டி அனுப்பினான்னு சொன்னா என்ன வரணும்?”

“கோவம் வரணும். நான் வர வேணாம்னு சொல்லியும் ஏன் ஆளை அனுப்பினான்னு குதிக்கணும்.”

“அவர் ஆச்சரியப்பட்டாருடா. செத்துப்போன ஆளு கடுதாசி போட்ட மாதிரி முழிச்சாரு. வண்டியை ரொட்டிக்காரப் பொண்ணு வீட்டுக்கு விடு.”

அவள் வீடு மாடியில் ஒற்றை அறை. ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், முழங்கை வரை மாவு. யாரும் அவரை அடிக்கவில்லை, தன்னைத் தானே வருத்திக்கொண்டிருக்கிறார் என்று அக்கா பூசி மெழுகாமல் சொன்னாள். அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எதுக்குக்கா? எதுக்கு அவர் அப்படிப் பண்ணணும்?”

“அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். அவர் வர வேணாம்னாராம்னு சொன்னியே, அதை உங்கிட்ட யாரும்மா சொன்னாங்க? நீ ஒரு தடவைகூடப் போகலையா?”

“போகத்தான் துடிச்சேன். மாமாதான் வேணாம்னார்.” அவள் மாமா என்றது அண்ணன்காரரை. “‘நீ அவனை இந்தக் கோலத்துல பார்த்தா ஏதாவது பண்ணிக்குவேன்னு சொல்றான்மா, நீ வந்துடாதே’ன்னு சொன்னார். அப்படிச் சொன்ன பிறகு நான் எப்படிக்கா போவேன்? அதான் வாராவாரம் சட்டைங்களைத் துவைச்சு, இஸ்திரி போட்டு, மாமாகிட்டக் குடுத்து விடறேன். அழுக்குச் சட்டையை அவரே வாங்கிட்டு வந்து தருவார். எனக்குன்னு செய்ய அது ஒண்ணுதான் இருக்கு.”

“கடைசியா வந்த அழுக்குச் சட்டை இருக்கா?”

மூலையில் பை இருந்தது. அக்கா சட்டைகளை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். நீலக்கட்டம், வெள்ளை, சாம்பல் கோடு. ஒன்றில்கூட ஒரு பட்டன் குறையவில்லை. கழுத்திலிருந்து கீழ்வரை வரிசையாக, அணிவகுத்த சிப்பாய்கள் மாதிரி நின்றன.

ஹாரனுக்கும் உறைத்தது. வாயைத் திறந்தவன், அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவன் வாழ்நாளில் அது அபூர்வம்.

அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வெள்ளைச் சட்டையின் காலரைப் பார்த்தாள். உள்பக்கம் கறுப்பாக ஒரு தீற்றல். “இது என்னம்மா?”

“அது போகவே மாட்டேங்குது. ஜெயில்ல முடிக்குச் சாயம் போட்டு விடறாங்க போலன்னு நினைச்சேன்.”

“உன் வீட்டுக்காரருக்கு இப்பத் தலை முழுக்க நரை. ஒட்ட வெட்டி விட்டிருக்காங்க. சாயம் போட அங்க முடியே இல்ல.”

அந்தப் பெண் சட்டையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி சட்டையைப் பார்த்தாள். அவள் கண்ணாலேயே ஒவ்வொன்றாகப் புரிந்துகொள்வதை அக்காவால் பார்க்கச் சகிக்கவில்லை.

“இது உள்ள போன சட்டையே இல்லம்மா. போயிருந்தா பட்டனை வெட்டியிருப்பாங்க. யாரோ வெளியவே போட்டு அழுக்காக்கி உனக்குக் குடுத்திருக்காங்க.”

“வாசனை மாறியிருந்துச்சு,” என்றாள் அவள். குரல் எங்கிருந்தோ வந்தது. “ஜெயில் சோப்புன்னு நினைச்சேன். துவைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சட்டையையும் முகத்துல வெச்சுக்கிட்டு அழுவேன்கா. அவர் வேர்வைன்னு நினைச்சு அழுதேன்கா.”

சொல்லிவிட்டு அந்த வெள்ளைச் சட்டையைத் தூர எறிந்தாள். ஓடிப்போய்க் குழாயைத் திறந்து முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நேற்று அண்ணன்காரருக்குத் தன் கையால் கொடுத்த தண்ணீர் அக்காவுக்கு நினைவுக்கு வந்தது.

அண்ணன்காரரின் கடை பேட்டரி கடை. வாசலில் ஒரு சரக்கு வேன் டயர் இறங்கி, தூசி படிந்து நின்றது. அந்த வேன்தான் வளைவில் ஒரு சைக்கிள்காரர் மேல் ஏறியது. அவர் செத்துப்போனார். நான்தான் ஓட்டினேன், அண்ணன் பக்கத்து சீட்டில் இருந்தார் என்று தம்பிக்காரர் போலீசில் போய் நின்றார். கேஸ் அடுத்த மாதம் கோர்ட்டுக்கு வருகிறது.

அண்ணன்காரர் ஒரு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தலை கன்னங்கரேல் என்று மின்னியது. தம்பியின் மனைவி வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் கை நின்றது.

“வார்டரு யாருன்னு தெரிஞ்சுதாம்மா?” என்று அக்காவிடம் கேட்டார்.

“தெரிஞ்சுது. முடிக்கு நல்ல கம்பெனிச் சாயமா வாங்கிப் போடுங்கண்ணே. இது ஒட்டுது,” என்றான் ஹாரன், காலரை விரித்துக் காட்டி.

அண்ணன்காரர் சிரிக்கப் பார்த்தார். “அவன் குடுத்த சட்டைம்மா. பையில என் துண்டும் கிடந்துச்சு, பட்டிருக்கும்.”

“பட்டன் ஏன் அப்படியே இருக்கு?”

“பட்டன் இல்லாம எப்படி இருக்கும்?”

அவ்வளவுதான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். கண்காணிப்பு அறைத் துணியில் பட்டனே கூடாது என்ற விஷயத்தை அக்கா நிதானமாகச் சொன்னாள். “வாராவாரம் போறவருக்கு இது தெரியாம இருக்குமா? நீங்க போகவே இல்ல.”

“போனேன்! ஆரம்பத்துல ஒரு தடவை போனேன்.”

“போய் என்ன சொன்னீங்க?”

அண்ணன்காரர் பேட்டரி மூடியை எடுத்துத் திருகினார். அக்கா வாசலில் நின்ற வேனைக் காட்டினாள். “இதை ஓட்ட ஆளே இல்லையா?”

“மனசு வரல. பார்த்தாலே கை நடுங்குது.”

“எனக்கு இதுதான் புரியல,” என்று ஹாரன் குறுக்கே விழுந்தான். “நானும் காலமெல்லாம் ஸ்டியரிங் பிடிச்சவன். பக்கத்து சீட்ல உக்காந்திருந்தவன் நாலு நாள் கழிச்சு ஓட்ட ஆரம்பிச்சிடுவான். ஏத்தினவனுக்குத்தான் கை நடுங்கும். நேத்து எங்க ஆபீஸ்ல வந்து பஸ் ஸ்டாப் எங்கன்னு கேட்டீங்களே, வீட்ல இன்னொரு வண்டி சும்மா நிக்குதாமே?”

அண்ணன்காரர் ஸ்டூலில் சரிந்தார்.

“என் பொண்ணுக்குச் சம்பந்தம் பேசி முடிச்சிருந்த நேரம்,” என்று ஆரம்பித்தார். “அவனாத்தான் சொன்னான், உனக்குப் பதிலா நான் உள்ள போறேண்ணேன்னு. சின்ன வயசுலேர்ந்து என் பேச்சைத் தட்ட மாட்டான். ஆனா இவ போய்ப் பார்த்து அழுதா அவன் மனசு மாறிடும். கோர்ட்ல உண்மையைச் சொல்லிடுவான். கேஸ் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் பார்த்துக்காம இருந்தா போதும்னுதான்…”

“அவர்கிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னீங்க மாமா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“நீ… நீ அவனை வேணாம்னு சொல்லிட்டுப் போயிட்டேன்னு.”

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. “உங்களை அப்பா ஸ்தானத்துல வெச்சிருந்தோமே மாமா,” என்று மட்டும் சொன்னாள்.

“அவன் இப்படிப் பண்ணிக்குவான்னு எனக்கு எப்படித் தெரியும்? கம்பெனி வாசல்ல எவனோ சொன்னான்னு நீ வந்து சொல்லித்தானே எனக்கும் தெரியும்? தெரிஞ்சிருந்தா ஓடிப்போய்ப் பார்த்திருக்க மாட்டேனா? என் தம்பிம்மா அவன்!” என்று அண்ணன்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இந்த முறை தண்ணீர் கொடுக்க யாரும் எழவில்லை.

ஆனாலும் அழுகை நிஜம் போலத்தான் இருந்தது. இந்த ஆள் கோழை, சுயநலம் பிடித்தவன், ஆனால் தம்பியின் உயிர் போகட்டும் என்று நினைக்கிறவன் இல்லை என்று அக்கா நினைத்துக்கொண்டாள். சிறைக்குப் போகிற வழியில் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

பார்வையாளர் நேரம் முடிகிற சமயம். நர்ஸம்மா டாக்டரிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கி வைத்திருந்தார். “எல்லாத்தையும் சொல்லப் போறீங்களா?” என்று கேட்டார்.

“மறைக்கணுமா சிஸ்டர்?” என்றாள் அந்தப் பெண்.

“வேணாம். ஆனா நான் பக்கத்துல இருக்கும்போது சொல்லுங்க. தனியா இருக்கறப்போ வேற யார் மூலமாவது தெரிஞ்சா தாங்க மாட்டார். இன்னிக்கு நான் அவர்கூடவே இருக்கேன்.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தம்பிக்காரரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு நர்ஸம்மா உட்கார்ந்தார். அக்காவும் ஹாரனும் இந்தப் பக்கம் சுவரோரம் நின்றார்கள். தம்பிக்காரர் மனைவியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ரிசீவரை எடுக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. நர்ஸம்மாதான் எடுத்துக் கொடுத்தார். பழைய ஸ்பீக்கர், பேசுவது அறை முழுக்கக் கேட்டது.

“அண்ணன் எப்படி இருக்கார்?” என்பதுதான் அவர் முதலில் கேட்டது. “இத்தனை நாளா வரவே இல்ல. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு எனக்கு ஒரே கவலை.”

ஹாரன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவள் சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, ஒன்றையும் விடாமல் சொன்னாள். சட்டைகளைப் பற்றி, சாயத்தைப் பற்றி, பேட்டரி கடையில் கேட்டதைப் பற்றி. தம்பிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், இல்லை இல்லை என்பது போல. பிறகு தலையாட்டல் நின்றது.

“நீ போயிட்டேன்னு சொன்னார்,” என்றார். “உடனே நம்பிட்டேன். உன்னைத் தெரிஞ்சும் நம்பிட்டேன்.”

“நான் வேணாம்னு நீங்க சொன்னதா சொன்னார். நானும் நம்பிட்டேன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏமாற்றியவன் அங்கே இல்லை, ஆனாலும் இருவருக்கும் நடுவில் அவன்தான் உட்கார்ந்திருந்தான்.

“அவருக்கு நான் இப்படி ஆனது தெரிஞ்சிருந்தா வந்திருப்பார்,” என்றார் தம்பிக்காரர். பாவம், இன்னும் ஒரு நூலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். “எங்கண்ணன் அவ்வளவு கெட்டவர் இல்ல. தெரிஞ்சிருக்காது.”

நர்ஸம்மா அவர் தோளில் கை வைத்தார். கொஞ்சம் தயங்கினார்.

“தெரியும்ப்பா,” என்றார். “அவசரம்னா யாருக்குச் சொல்லணும்னு வந்த அன்னிக்கே உங்ககிட்டக் கேட்டாங்களே, அண்ணன் பேரைத்தானே சொன்னீங்க? ஒவ்வொரு தடவையும் நானே போன் பண்ணினேன். ஒவ்வொரு தடவையும் அவர்தான் எடுத்தார். வந்து ஒரு வார்த்தை பேசுங்க சார்னு கெஞ்சினேன். சரி சிஸ்டர்னு சொல்லி வெச்சிடுவார்.”

அண்ணன்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுத அழுகையை அக்கா நினைத்துப் பார்த்தாள். ஒரே ஆளிடம் இரண்டு நாளில் இரண்டு தடவை ஏமாந்திருக்கிறாள்.

தம்பிக்காரருக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. நேரம் முடிந்தது என்று வார்டர் வந்து நின்றார். நர்ஸம்மா பார்த்த பார்வையில் இரண்டடி பின்னால் போனார்.

“வக்கீலை வரச் சொல்லு,” என்றார் தம்பிக்காரர் கடைசியாக மனைவியிடம். “வண்டியை நான் ஓட்டல.”

“நாளைக்கே வரச் சொல்றேன். நானும் வர்றேன். நடுவுல யார் வந்து என்ன சொன்னாலும் நான் வருவேன்.”

அவர் ரிசீவரை வைக்கப் போனவர், வைக்காமல் நர்ஸம்மா பக்கம் திரும்பினார்.

“சிஸ்டர், அண்ணன் பேரை எடுத்துடுங்க.”

“சரி. யாருக்குச் சொல்லணும்?”

அவர் கண்ணாடியின் இந்தப் பக்கம் கையைக் காட்டினார். “இவளுக்கு.” அப்புறம் அவசர அவசரமாக, அவள் பயந்துவிடப் போகிறாளே என்று, ரிசீவரில் சொன்னார். “போன் வராது. நான் வர விட மாட்டேன். சும்மா, உன் பேர் இருக்கட்டும்.”